வோல்டேஜ் மாற்றும் வேப் வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினேழு வருஷம் சிகரெட் பிடித்தேன். விட்டு ஆறு வருஷம் ஆகிறது. கிழக்கு லண்டனில் மாமாவின் கடையில் சனி ஞாயிறு கல்லாவில் நிற்கிறவன் என்பதால், பின்னால் தொங்கும் வேப், அதாவது மின்சிகரெட், சாமான்களைக் காட்டி நம் ஆட்கள் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதிவிட்டேன். விலையும் சட்டமும் பிரிட்டனில் இருப்பவை. வேறு நாட்டில் இருந்தால் கடைசிக் கேள்வியை முதலில் படியுங்கள், ஏனென்றால் சில ஊர்களில் இதைச் சட்டைப்பையில் வைத்திருந்தாலே மாட்டிக்கொள்வீர்கள்.

இது யாருக்கு? நான் சிகரெட்டே பிடிப்பதில்லை, சும்மா ஜாலிக்கு வாங்கலாமா?

வேண்டாம். சிகரெட்டை விட முடியாமல் தவிக்கும் பெரியவர்களுக்குத்தான் இந்தப் பக்கம். சிகரெட் பழக்கமே இல்லாதவர் நிகோடினைப் புதிதாகப் பழகிக்கொள்வதற்கு ஒரு காரணமும் இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் கடையில் தரமாட்டோம், சட்டமும் அதுதான்.

வோல்டேஜைக் கூட்டிக் குறைத்தால் உள்ளே என்ன நடக்கிறது?

கேஸ் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பேட்டரிதான் சிலிண்டர், காயில் என்ற சுருள் கம்பிதான் பர்னர், வோல்டேஜ் குமிழ் சிம்மில் வைக்கவும் முழுசாகத் திறக்கவும். பட்டனை அழுத்தினால் காயில் சூடாகும், அதைச் சுற்றி இருக்கும் பஞ்சில் ஊறிய, நிகோடின் கலந்த லிக்விட் ஆவியாகும், அதை நீங்கள் இழுக்கிறீர்கள். அவ்வளவுதான் மொத்த தொழில்நுட்பமும்.

இதில் பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. சூட்டை முடிவுசெய்வது வோல்டேஜ் மட்டும் இல்லை, காயிலின் மின்தடையும் சேர்ந்துதான். பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதியேதான்: வோல்டேஜை அதே எண்ணால் பெருக்கி, ஓமால் வகுத்தால் வாட். நாலு வோல்ட்டில் 1.6 ஓம் காயில் 10 வாட் சூடு தரும். அதே நாலு வோல்ட்டில் 0.8 ஓம் காயில் 20 வாட், சரியாக இரண்டு மடங்கு. ஆக, "நான் நாலில் வைத்திருக்கிறேன், நீங்கள் எதில் வைத்திருக்கிறீர்கள்?" என்று நண்பரிடம் கேட்பதில் அர்த்தமே இல்லை. அவர் காயில் வேறு, உங்கள் காயில் வேறு.

இன்னொன்று, வோல்டேஜ் கொஞ்சம் ஏறினாலும் சூடு எகிறும். சாதாரணப் பேனா வடிவ மாடல்களில் 3.3-லிருந்து 4.8 வோல்ட் வரை இருக்கும். பார்த்தால் ஒன்றரை வோல்ட் வித்தியாசம். கணக்குப் போட்டால், அடிக்கும் உச்சிக்கும் நடுவே வாட் இரண்டு மடங்குக்கும் மேல்.

அப்படியானால் எத்தனை வோல்ட்டில் வைப்பது?

காயிலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உலோகத்தின் பக்கவாட்டில் பொடி எழுத்தில், அரிசியில் பெயர் எழுதியது மாதிரி, அச்சடித்திருக்கும்: 1.2 ஓம், 10 முதல் 14 வாட் என்று. இதுதான் உங்களுக்கு வேண்டிய எண். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்டேஜ் வரும். மேலே சொன்ன காயிலுக்கு அது சுமார் 3.5-லிருந்து 4.1 வரை. 0.8 ஓம், 15 முதல் 18 வாட் என்று போட்டிருந்தால் 3.5-லிருந்து 3.8 வரை, அதாவது குமிழைச் சற்றே அசைத்தாலும் எல்லை தாண்டிவிடும். போனில் கால்குலேட்டர் இருக்கிறது, ஒரு நிமிஷ வேலை.

எந்தக் காயிலாக இருந்தாலும் கீழ் எண்ணில் தொடங்குங்கள். நாலைந்து இழுப்பு இழுத்துப் பார்த்து, சப்பென்று இருந்தால் 0.1 அல்லது 0.2 ஏற்றுங்கள். ருசி நன்றாக வரும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் வாராவாரம் வந்து, "தம்பி, அஞ்சில வைச்சாத்தானே வடிவா இழுக்கும்?" என்பார். அண்ணை, அது திருவிழா ஸ்பீக்கர் இல்லை. அஞ்சில் வைத்து அவர் வாரத்துக்கு இரண்டு காயில் கருக்கிக்கொண்டிருந்தார். 3.7-க்கு இறக்கிவிட்ட பிறகு ஒரு காயில் பத்து நாளுக்கு மேல் நிற்கிறது.

சில பேனாக்களில் எண்ணே இருக்காது, பட்டனைச் சுற்றி மூன்று நிற விளக்குதான் எரியும். எந்த நிறம் எத்தனை வோல்ட் என்பது மாடலுக்கு மாடல் மாறும், பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தைத் தூக்கி எறிவதற்கு முன் படியுங்கள். ஐந்து முறை வேகமாக அழுத்தினால் ஆன் அல்லது ஆஃப், மூன்று முறை அழுத்தினால் வோல்டேஜ் மாற்றம், பெரும்பாலும் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். "ஓடவே இல்லை" என்று திருப்பிக் கொண்டுவரும் பத்துப் பேரில் பாதிப் பேருக்கு நான் செய்வது ஐந்து முறை அழுத்திக் கொடுப்பது மட்டும்தான்.

வோல்டேஜ் மாற்றுவதா, வாட் மாற்றுவதா, எது நல்லது?

இன்று புதிதாக வாங்குபவருக்கு நான் கொடுப்பது வாட் மாற்றும் கருவிதான். காயிலின் ஓமைத் தானே அளந்து, நீங்கள் 12 வாட் கேட்டால் அதற்கு வேண்டிய வோல்டேஜைக் கருவியே கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும். காயிலை மாற்றினாலும் எண்ணை மாற்றி யோசிக்க வேண்டியதில்லை. மேலே நான் சொன்ன வர்க்கமூலக் கணக்கெல்லாம் அப்போது தேவையே இல்லை.

சரி, பிறகு ஏன் வோல்டேஜ் மாடல்? மலிவு, மெலிவு, சிகரெட் பெட்டி அளவுகூட இருக்காது. ஒரே வகைக் காயிலை மாற்றாமல் போடுபவர் ஒரு முறை சரியான இடம் கண்டுபிடித்துவிட்டால் அதன் பிறகு தொடவே வேண்டாம். குமிழ் திருகும் பழைய பேனாவை வைத்திருக்கும் பெரியவர்களை எனக்குத் தெரியும், அதைப் பிடுங்கித் திரையுள்ளதைக் கொடுத்தால் திட்டுவார்கள்.

எதை வாங்கினாலும் விற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பேட்டரி குறையும்போதும் வோல்டேஜ் நிலையாக நிற்குமா? லித்தியம் பேட்டரி முழுசாகச் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட், தீரும்போது மூன்றரைக்கும் கீழே இறங்கும். நல்ல சர்க்யூட் இருந்தால் கடைசி வரை நீங்கள் கேட்டதைக் கொடுக்கும். மட்டமான கருவி காலையில் கொழுந்துவிட்டு எரிந்து சாயங்காலம் முனகும். அப்போது நீங்கள் குமிழைக் கூட்டுவீர்கள், மறுநாள் காலை முழுச் சார்ஜில் அதே இடத்தில் இழுத்து இருமுவீர்கள்.

திடீரென்று கருகல் நாற்றம், தொண்டை எரிகிறது. ஏன்?

பால் அடிப்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள்தானே, அதே கதை. பஞ்சில் லிக்விட் ஊறி வருவதைவிட வேகமாகக் காயில் அதை ஆவியாக்கிவிட்டால், அடுத்துக் கருகுவது பஞ்சுதான். வேடிக்கை என்னவென்றால் பெரும்பாலான காயில் கம்பிக்குப் பெயரே காந்தல். ஸ்வீடன் நாட்டுக் கம்பெனி, அவர்கள் ஊர்ப் பெயரையும் நிறுவனர் பெயரையும் ஒட்டவைத்து உண்டாக்கிய சொல் அது. அந்தப் பெயருக்கு, சோற்றுப்பானையின் அடியைச் சுரண்டும் தமிழன் மட்டும்தான் வேறு அர்த்தம் எடுப்பான்.

முதல் காரணம் அவசரம். என்னுடைய முதல் கருவியில் நானே இதைச் செய்தேன். வாங்கிய கையோடு கடை வாசலிலேயே லிக்விட் ஊற்றி, மூடியைத் திருகி, உடனே ஒரு முழு இழுப்பு. பிளாஸ்டிக் எரித்த மாதிரி ஒரு கசப்பு நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது, மத்தியானச் சாப்பாட்டில்கூட அதுதான் தெரிந்தது. அந்தக் காயில் அங்கேயே செத்துவிட்டது. ஒரு முறை கருகிய பஞ்சு திரும்பாது, கழுவினாலும் போகாது. புதுக் காயில் போடும்போது பக்கத் துளைகளில் தெரியும் வெள்ளைப் பஞ்சின் மேல் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள், பிறகு டேங்கை நிரப்பிப் பத்து நிமிஷம் அப்படியே வையுங்கள். போய் ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள்.

மற்ற காரணங்கள்: வோல்டேஜ் அதிகம், டேங்கில் லிக்விட் அடிமட்டம், மூச்சுவிடாமல் அடுத்தடுத்து இழுப்பது, அல்லது காயிலுக்குப் பொருந்தாத கெட்டி லிக்விட். லிக்விட்டில் விஜி, பிஜி என்று இரண்டு சமாச்சாரம் உண்டு. விஜி என்பது கிளிசரின், தேன் மாதிரிக் கெட்டி. பிஜி என்பது புரொப்பிலீன் கிளைக்கால், நீர்த்தது. ஒரு ஓமுக்கு மேலே உள்ள சின்னக் காயிலுக்கு இரண்டும் பாதிப்பாதி இருப்பதே சரி. எழுபது சதவீதம் விஜி உள்ளதை ஊற்றினால் அதன் பொடித் துளைக்குள் அது இறங்குவதற்குள் பஞ்சு காய்ந்துவிடும்.

அதிக வோல்டேஜில் ஃபார்மால்டிஹைடு (புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருள்) வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா?

பாதி உண்மை. 2015 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஒரு கடிதம் வெளியிட்டார்கள். வோல்டேஜ் மாற்றும் கருவி ஒன்றை 3.3 வோல்ட்டில் ஓட்டியபோது ஃபார்மால்டிஹைடு சார்ந்த பொருள் எதுவும் தென்படவில்லை, 5 வோல்ட்டில் ஓட்டியபோது நிறையத் தென்பட்டது என்பது அதன் சாரம். பத்திரிகைகள் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியைத் தலைப்பாக்கின.

அதே வருஷம் கிரேக்க இதயநோய் மருத்துவர் ஃபர்சலினோஸும் கூட இருந்தவர்களும் வேப் இழுத்துப் பழகியவர்களைக் கூட்டி வைத்துச் சோதித்தார்கள். ஆல்டிஹைடு (ஃபார்மால்டிஹைடு வகைப் பொருள்கள்) அளவு எகிறியது கருகிய இழுப்பில்தான், அந்தக் கருகலை மனிதர்கள் உடனே கண்டுபிடித்து நிறுத்திவிடுகிறார்கள் என்று அவர்கள் எழுதினார்கள். ஆய்வகத்தில் இழுக்கும் மெஷினுக்கு நாக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. ஆனாலும் என் கணக்கு இதுதான்: கருகுவதற்குக் கொஞ்சம் முன்னால் வரை ஏற்றி ஓட்டுவதில் உங்களுக்கு என்ன லாபம்? காயிலில் போட்ட எல்லையின் கீழ்ப்பாதியிலேயே ஓட்டுங்கள். லேசாகக் கருகல் தட்டினாலும் "இன்னும் இரண்டு நாள் ஓட்டலாம்" என்று கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், காயிலை மாற்றுங்கள்.

சிகரெட்டைவிடப் பாதுகாப்பானதா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் முடியாது. 2015-ல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, சிகரெட்டைவிடச் சுமார் 95 சதவீதம் தீங்கு குறைவு என்று ஒரு மதிப்பீடு சொன்னது. அந்த எண்ணை விமர்சித்தவர்களும் உண்டு. தீங்கே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. எரியாத இடத்தில் தாரும் கார்பன் மோனாக்சைடும் வராது, பெரிய வித்தியாசம் அங்கேதான். கர்ப்பமாக இருந்தாலோ, நெஞ்சுவலி, ஆஸ்துமா என்று ஏதாவது இருந்தாலோ என்னைக் கேட்காதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.

வோல்டேஜைக் கூட்டினால்தான் சிகரெட் ஆசை அடங்குகிறது. என்ன செய்வது?

நிகோடின் அளவைக் கூட்டுங்கள், வோல்டேஜை விடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இது இருக்கட்டும். நாளைக்கு இருபது சிகரெட் பிடித்தவர், மாம்பழ மணம் நன்றாக இருக்கிறது என்று 3 மில்லிகிராம் லிக்விட்டை வாங்கிப் போவார். சின்னப் பேனாவில் அது அவருக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. போதவில்லை என்று வோல்டேஜைக் கூட்டுவார், நாளெல்லாம் இழுப்பார், காயில் கருகும், வேப்பே சரியில்லை என்று மறுபடி சிகரெட் வாங்க என் முன்னாலேயே வந்து நிற்பார். பிரிட்டனில் மில்லிக்கு 20 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. பெட்டிக்கணக்கில் பிடித்தவர் அந்த உச்சத்திலோ 18-லோ தொடங்கினால்தான் ஆசை அடங்கும், பிறகு மெல்ல இறக்கலாம். தொண்டையில் குத்துகிறது என்றால் நிகோடின் சால்ட் வகை கேளுங்கள், அதே அளவில் மென்மையாக இறங்கும்.

இங்கிலாந்தில் 886 பேரை வைத்து நடந்து 2019-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் கொடுத்ததும் இப்படிப்பட்ட சாதாரண, திரும்ப நிரப்பும் கருவியும் 18 மில்லிகிராம் லிக்விட்டும்தான். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் வேப் எடுத்தவர்களில் 18 சதவீதம் பேரும், நிகோடின் பட்டை, கம் போன்றவற்றை எடுத்தவர்களில் 9.9 சதவீதம் பேரும் சிகரெட்டைத் தொடாமல் இருந்தார்கள். மறைக்காமல் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: அப்படி வேப்பால் விட்டவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஒரு வருஷம் கழித்தும் வேப்பை விடவில்லை. எனக்கே மூன்று வருஷம் ஆயிற்று.

பெரிய மேகம் விடும் மாடல் பார்த்தேன், அது?

அது வேறு ஆட்டம். காற்றை நேராக நெஞ்சுக்கு இழுக்கும் பாணி, 0.2 ஓம் மாதிரிக் காயில், ஐம்பது அறுபது வாட், லிக்விட் தண்ணீராய்ச் செலவாகும். 20 மில்லிகிராம் லிக்விட்டை அதில் ஊற்றி இழுத்தால் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவீர்கள். சிகரெட்டில் இருந்து வருபவருக்கு, முதலில் வாயில் வாங்கி அப்புறம் உள்ளே இழுக்கும் இறுக்கமான வகையே பழகிய மாதிரி இருக்கும்.

பேட்டரி வெடிக்கும் என்கிறார்களே?

வெடித்திருக்கிறது, ஆனால் அதில் பெரும்பகுதி கவனக்குறைவு. பேட்டரி உள்ளேயே பொருத்திய பேனா என்றால், கூட வந்த ஒயரில் சார்ஜ் போடுங்கள், தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்காதீர்கள், அவ்வளவு போதும்.

கழற்றும் பேட்டரி என்றால் கொஞ்சம் கூடுதல் மரியாதை வேண்டும். 18650 என்ற பெயரே அளவுதான்: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 நீளம். மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தோல் எங்காவது நகக்கீறல் அளவு கிழிந்திருந்தாலும் போடாதீர்கள். கடையில் தோல் மாற்றித் தருவார்கள், ஒரு நிமிஷ வேலை. சாவிக்கொத்தும் சில்லறையும் கிடக்கும் கால்சட்டைப் பையில் பேட்டரியை வெறுமனே போடவே கூடாது, பல விபத்துகளின் கதையே இதுதான். இரண்டு பவுண்டுக்குப் பிளாஸ்டிக் டப்பா கிடைக்கும். "9,900 மில்லி ஆம்ப்-அவர்" (mAh) என்று எழுதிய மலிவுப் பேட்டரியைப் பார்த்தால் ஓடிவிடுங்கள். அந்த அளவில் நல்ல கம்பெனிகள் செய்வது 2,500, 3,000, 3,500 என்ற வட்டாரத்தில்தான் இருக்கும்.

வாங்கும்போது வேறு என்ன பார்க்க வேண்டும்?

காயில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கருவி என்னவோ அழகாகத்தான் இருக்கும், ஆறு மாதத்தில் அதன் காயிலைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டால் அது வெறும் பேப்பர் வெயிட். உங்கள் பக்கத்துக் கடைகள் இரண்டிலாவது அந்தக் காயில் தொங்க வேண்டும்.

டேங்க் தனி, பேட்டரி தனி என்றால் நடுவில் இருக்கும் மரையைக் கவனியுங்கள். 510 மரை என்றால் பெரும்பாலும் எதுவும் எதிலும் பொருந்தும். ஜாய்டெக் என்ற வேப் கம்பெனியின் பழைய 510 மாடலில் இருந்து வந்த பெயர் அது, மாடல் போய்விட்டது, மரை நின்றுவிட்டது. அழுத்தித் திருகாதீர்கள், விரல் நுனியால் திருகி நிற்கும் இடத்தில் விடுங்கள். கட்டிப்பிடித்துத் திருகினால் அடியில் இருக்கும் பித்தளைக் குமிழ் உள்ளே அமுங்கிவிடும், அப்புறம் தொடர்பே கிடைக்காது.

இணையத்தில் வோல்டேஜ் பேனா என்று தேடினால் இப்போது வருவதில் நிறைய, கஞ்சா எண்ணெய்க் குப்பிக்குச் செய்தவை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், குழம்பிவிடாதீர்கள். யாரோ நிரப்பிக் கொடுக்கும் குப்பியை எதிலும் மாட்டாதீர்கள். 2019-லும் 2020 தொடக்கத்திலும் அமெரிக்காவில் 2,800-க்கும் மேற்பட்டவர்கள் நுரையீரல் பாதிப்பில் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் 68 பேர் இறந்ததும் பெரும்பாலும் அப்படிப்பட்ட கள்ளச் சரக்கால்தான். அதில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்டே முக்கியக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள்.

டிஸ்போஸபிள் (தீர்ந்ததும் தூக்கி எறியும் வேப்) ஏன் தரமாட்டேன் என்கிறீர்கள்?

2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் விற்பதே தடை. இன்னும் கல்லாவுக்குக் கீழே இருந்து எடுத்துக் கொடுக்கும் கடை இருந்தால், அங்கே லிக்விட்டையும் வாங்காதீர்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

பேனா 15 முதல் 30 பவுண்டு, 10 மில்லி லிக்விட் மூன்று நாலு பவுண்டு, காயில் ஐந்து கொண்ட பெட்டி பத்து பவுண்டு வட்டாரம். சிகரெட் பெட்டி ஒன்றே பதினைந்தைத் தாண்டிய ஊரில் இது கணக்கே இல்லை. லிக்விட் மட்டும் விலை ஏறும், 2026 அக்டோபர் 1 முதல் 10 மில்லிக்கு 2.20 பவுண்டு வரி என்று அரசு அறிவித்திருக்கிறது, அதற்கு மேல் மதிப்புக் கூட்டு வரி (VAT) வேறு. காசு கொடுக்கும் முன் உங்கள் கவுன்சிலின் சிகரெட் நிறுத்தும் சேவையிடம் ஒரு போன் போட்டுக் கேளுங்கள், சில இடங்களில் தொடக்கக் கருவியை இலவசமாகவே தருகிறார்கள்.

ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகலாமா?

எந்த ஊர் என்பதுதான் கேள்வி. விமானத்தில் வேப்பும் பேட்டரியும் கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. உள்ளே இழுக்கவும் சார்ஜ் போடவும் கூடாது. அதுவரை சரி, இறங்கும் இடத்தில்தான் வம்பு.

இந்தியாவில் 2019-லிருந்து தயாரிப்பது, இறக்குமதி, விற்பது எல்லாமே தடை. முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சிங்கப்பூர் இன்னும் கறார்: 2018 பிப்ரவரியிலிருந்து வைத்திருப்பதும் இழுப்பதும்கூடக் குற்றம், 2025 செப்டம்பரிலிருந்து தண்டனையை இன்னும் ஏற்றிவிட்டார்கள். சாங்கியில் விமானம் மாறுகிறவர்கள் இதை மறந்துவிடாதீர்கள்.

போன டிசம்பரில் மாமா, திருச்சியில் இருக்கும் தம்பிக்குக் கொடுக்க என்று ஒரு கருவியும் பத்து பாட்டில் லிக்விட்டும் எடுத்து வைத்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் ஒரு நிமிஷம் யோசித்தார், அப்புறம் பாட்டில்களை ஒவ்வொன்றாக அலமாரியில் திருப்பி அடுக்கினார். பதிலுக்கு வாசலில் இருக்கும் மருந்துக் கடையில் நிகோடின் கம் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். அந்தத் தம்பி அதை மென்றாரா, தெருமுனைப் பெட்டிக்கடைக்கே போனாரா என்று இன்னும் கேட்கவில்லை.